தேவி வாய் திறந்த கதை

செந்தூலில் இருந்து நீங்கள் கேட்டது இது: மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு படிக்கிறாள், ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கைப்பேசியில் இங்கிலீஷ் ஃபேன்ஃபிக், அதாவது பிடித்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகள், படிக்கிறாள், தமிழில் அதே மாதிரி, பள்ளித் தோழர்களைப் பற்றிப் பல பேர் சேர்ந்து எழுதிய கதை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், நானும் அவளோடு உட்கார்ந்து படிப்பேன். கூடவே ஒரு சந்தேகம்: இன்னொருவர் உருவாக்கிய பாத்திரங்களை எடுத்து எழுதுவது திருட்டில் சேராதா?

இருக்கிறது. பத்துப் பெயர்களை அடுக்காமல் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதையை எழுதிய ஏழு பேரும் பட்டர்வொர்த்தில் என்னிடம் டியூஷனுக்கு வந்த பிள்ளைகள். நான் ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனால் ஒவ்வோர் அத்தியாயத்தையும் முதலில் படித்துப் பிழை பார்த்தது நான்தான். ஃபேன்ஃபிக் உலகத்தில் அதற்கு பீட்டா என்று பெயராம், அதையும் அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே என் பாராட்டில் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள். குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாடே வீட்டுக்குள் முடங்கிய நாள். அந்தப் பிள்ளைகள் அப்போது படிவம் நான்கு. இரண்டு வாரம் போனதும் ஒருத்தி எனக்கு வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "டீச்சர், உப்பின் இப்பின் எப்பத்தான் ஸ்டாண்டர்ட் ஒன் போவாங்க?" தம்பிக்குத் துணையாக உட்கார்ந்து நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கதை முளைத்தது அந்தக் கேள்வியில்தான்.

உப்பின் இப்பின் என்ற அந்த மலாய்க் கார்ட்டூன் தொடரை உங்கள் மகளும் பார்த்துத்தான் வளர்ந்திருப்பாள், இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007-ல் நோன்பு மாதத்துக்காக டிவி9-ல் ஆறு குட்டிப் பகுதிகளாக வந்தது. பெற்றோரை இழந்த இரட்டையர்கள் உப்பினும் இப்பினும் கம்போங் டுரியான் ருந்துவில் பாட்டி ஓப்பா, அக்கா ரோஸ் இருவரோடும் வாழ்கிறார்கள். முதலில் ஐந்து வயது. அடுத்த ஆண்டு வந்த பகுதிக்கு "ஒரு வருடம் கழித்து" என்றே பெயர் வைத்து ஆறு வயதாக்கினார்கள். கடிகாரம் அத்தோடு நின்றுபோனது. அன்றைக்குப் பார்த்த பிள்ளைகள் கல்யாணம் செய்து குழந்தை பெற்றுவிட்டார்கள், இவர்கள் மட்டும் இன்னும் தடிக்கா மெஸ்ரா பாலர் பள்ளியில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த வகுப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கண்ணாடி போட்ட கெட்டிக்காரி மெய் மெய், எடுத்ததற்கெல்லாம் பந்துன் என்ற மலாய்ப் பாட்டைச் சொல்லும் ஜர்ஜித், பொரித்த கோழியை "ரெண்டு ஒரு வெள்ளி" என்று, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு இரண்டு என்று, கூவி விற்கும் மாயில், ஜகார்த்தாவில் இருந்து வந்த சூசாந்தி, சாப்பாட்டு ராமன் ஏசான், அவனோடு ஒட்டிக்கொண்டே திரியும் ஃபிசி. அப்புறம் தேவி. நம் வீட்டுப் பிள்ளை. இருக்கிறாள், சிரிக்கிறாள், கூட்டத்தோடு ஓடுகிறாள், ஆனால் மற்றவர்களைப் பார்க்க அவள் பேசுவது குறைவு. வகுப்புக்கு வெளியே மாட்டோடு சுற்றும் ராஜுவுக்குக்கூட நாலு நல்ல காட்சி உண்டு, பெரியவர்களில் முத்து அங்கிளுக்குக் கடையே உண்டு. தேவி என்ன நினைக்கிறாள் என்றுதான் யாருக்கும் தெரியாது.

என் பிள்ளைகள் அவளைக் கதைசொல்லி ஆக்கினார்கள். நான் இதைச் சிபாரிசு செய்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கதை ஏழு வருடம் தாவி நேராக இடைநிலைப்பள்ளி வாசலில் தொடங்குகிறது. பாலர் பள்ளியில் ஒன்றாக இருந்தவர்கள் ஆரம்பப்பள்ளிக்குப் பிரிந்து போயிருந்தார்கள், மெய் மெய் சீனப்பள்ளிக்கு, தேவி தமிழ்ப்பள்ளிக்கு, இரட்டையரும் மற்றவர்களும் தேசியப் பள்ளிக்கு. இப்போது மறுபடியும் ஒரே பள்ளி. கட்டிப்பிடித்துக்கொள்ளும் காட்சி வரும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். வரவில்லை. இரட்டையர்கள் முதலாம் படிவத்துக்குப் போகிறார்கள், தேவியும் மெய் மெய்யும் புகுமுக வகுப்புக்குப் போகிறார்கள். நாம் ரிமூவ் கிளாஸ் என்போமே, அதேதான்: தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிகளில் இருந்து வந்து மலாய்த் தாளில் போதிய தகுதி பெறாதவர்கள் ஒரு வருடம் கூடுதலாக உட்கார வேண்டிய வகுப்பு.

தொடரில் அந்தக் குழந்தைகள் எல்லாரும் சேர்ந்து பேசி, சண்டை போட்டு, பாட்டுப் பாடியது மலாயில்தான். ஆறு வயதில் வாய் நிறைய மலாய் பேசியவள் பன்னிரண்டு வயதில் மலாய்த் தாளில் தவறிவிட்டாள் என்பதை இந்தப் பிள்ளைகள் எந்தப் புலம்பலும் இல்லாமல் ஒரே காட்சியில் வைத்துவிட்டார்கள். பள்ளி வாசலில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. உப்பின் தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டு, அதே தாளில் தேவியின் பெயரை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் தேடுகிறான். தேவி பக்கத்துத் தூணில் ஒட்டிய தாளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவன் கூப்பிடுகிறான், அவள் திரும்பவில்லை. அத்தியாயம் முடிந்தது. எழுதியவள் அந்த வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தவள் என்பது எனக்குத் தெரியும். அவள் அம்மாவுக்கு இதைக் காட்டவே இல்லை.

பல பேர் சேர்ந்து எழுதுவது என்றால் என்ன என்றும் உங்கள் மகள் கேட்பாள். முறை எளிது. கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒருவர் முடிப்பார், அடுத்தவருக்கு ஒரு வாரம். முன்னால் எழுதியதை மாற்றக் கூடாது. முதல் ஐந்து வாரம் கும்மாளம். ஆறாவது வாரத்தில் கதை சந்தியில் நின்றது, எல்லாரும் புதிர் போடுகிறார்களே ஒழிய யாரும் அவிழ்ப்பதில்லை! காணாமல் போன சைக்கிள் ஒன்று, யாரோ எழுதிய கடிதம் ஒன்று, பூட்டிய அறிவியல் கூடம் ஒன்று, எல்லாம் அந்தரத்தில் தொங்கின.

அப்போது நான் ஒரு பழைய கதையைச் சொன்னேன். 1931-ல் இங்கிலாந்தில் துப்பறியும் நாவல் எழுத்தாளர்கள் சங்கம் ஒன்று கூடி "தி ஃப்ளோட்டிங் அட்மிரல்" என்று ஒரு நாவலைத் தொடராக எழுதினார்கள், அகதா கிறிஸ்டியும் அதில் ஓர் அத்தியாயம் எழுதினார். அவர்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: புதிதாக முடிச்சுப் போடுகிறவர், அதை அவிழ்க்கும் வழி ஒன்றையும் மனதில் வைத்துத்தான் போட வேண்டும், அந்த விடையை எழுதியும் ஒப்படைக்க வேண்டும். அடுத்தவர் அதைப் பார்க்க மாட்டார். புத்தகத்தின் கடைசியில் அந்த விடைகளை எல்லாம் தனியாக அச்சிட்டார்கள். என் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொருவரும் தன் அத்தியாயத்தை முடிக்கும்போது, முழுக்கதையும் தன் கையில் இருந்தால் எப்படி முடியும் என்று எழுதி எனக்கு மட்டும் அனுப்பினார்கள். இதைப் பற்றிக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

ஒட்டுப்போட்ட இடங்கள் தெரியத்தான் செய்யும். தெரியட்டும் என்பேன். தனியாள் எழுதிய கதையில் கிடைக்காத ருசி அது. ஒருவன் மாயிலை வாயாடியாக எழுதியிருப்பான், அடுத்தவள் கையில் மாயில் திடீரென்று அமைதியாகிவிடுவான். அவள் அதற்குக் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்தாள்: கோழி விலை ஏறிவிட்டது. "ரெண்டு ஒரு வெள்ளி" என்று கூவிப் பெயர் எடுத்தவனால் இப்போது ஒன்றைக்கூட ஒரு வெள்ளிக்குக் கொடுக்க முடியவில்லை. கேண்டீனுக்குப் பின்னால் கறிபாப் டப்பாவோடு நிற்கிறான். ஏசான் வந்து பழைய விலையைச் சொல்லி வேடிக்கையாகக் கூவுகிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள். மாயில் டப்பாவை மூடிக்கொண்டு போய்விடுகிறான். சறுக்கிய இடத்தையே அவள் மேடாக்கிக் கொடுத்தாள்.

ஜர்ஜித்தின் பந்துனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மலாய்ப் பந்துனுக்கு நாலு அடி. முதல் இரண்டும் வெறும் ஜாடை, பின் இரண்டில்தான் விஷயம். ஒலி ஒத்துப்போவது அடியின் கடைசியில், ஒன்றும் மூன்றும், இரண்டும் நான்கும். இதைத் தமிழில் எழுதும்போது முதலில் கடைசி எழுத்தையே பொருத்திப் பார்த்தார்கள், சினிமாப் பாட்டு மாதிரி வழவழவென்று வந்தது. தமிழ்க் காது அடியின் தொடக்கத்தில்தானே இருக்கிறது! ஆகவே ஒன்றுக்கும் மூன்றுக்கும் எதுகை, இரண்டுக்கும் நான்குக்கும் மோனை என்று மாற்றிக்கொண்டார்கள். எஸ்பிஎம் தேர்வின் இலக்கியப் பாடத்துக்காக மனப்பாடம் செய்த எதுகை மோனை வாழ்க்கையில் முதல் தடவையாக எதற்கோ உதவியது. நாலாவது அத்தியாயத்தில் ஜர்ஜித் சொல்வது:

இரண்டு மூன்று பூனை வருது,
மீன்கடை வாசலில் படுத்துக் கிடக்குது;
மிரண்டு நிற்கும் தேவிக்குத் தெரியுது,
மெய் மெய் பென்சிலை நான் எடுத்தது.

திருடியவனே பாட்டில் ஒப்புக்கொள்கிறான், கேட்டவர்கள் பூனையை நினைத்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள், தேவிக்கு மட்டும் தெரியும். இதற்கப்புறம் ஜர்ஜித் எப்போது பந்துன் சொன்னாலும் மூன்றாவது அடியைக் கூர்ந்து படியுங்கள்.

உங்கள் மகளுக்கு ஒன்பதாவது அத்தியாயத்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதை எழுதிய பையன் ஓப்பாவைக் கொன்றுவிட்டான். ஒரே பத்தியில். அன்று ராத்திரி குழுவில் நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது, இரண்டு பேர் விலகுகிறேன் என்றார்கள், ஒருத்தி அழுது ஒலிச்செய்தி அனுப்பினாள். விதிப்படி எழுதியதை அழிக்கக் கூடாது. அடுத்த முறை யாருடையதோ அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒன்பதில் செய்தி எப்படி வந்தது என்று திரும்பப் போய்ப் பார்த்தாள். ரோஸ் அக்காவின் ஒலிச்செய்தியைத் தேவி பேருந்துக்குள் கேட்கிறாள். பேருந்துச் சத்தம். செய்தி எவ்வளவு நீளம் என்று அவன் எழுதவில்லை. பத்தாவது அத்தியாயம் அதே செய்தியின் மிச்சத்தோடு தொடங்குகிறது, தேவி பாதியிலேயே நிறுத்தியிருந்தாள். ஓப்பா மருத்துவமனையில் இருக்கிறார், அவ்வளவுதான். முந்தியதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் ஒரு பாட்டியை எழுப்பி உட்கார வைத்துவிட்டாள். நான் முப்பது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், வாசிப்பு என்றால் என்ன என்று இதைவிட நன்றாக யாருக்கும் விளக்கியதில்லை.

பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடும் பெர்ரிப் படகு வரும் பதின்மூன்றாவது அத்தியாயம் பினாங்குக்காரர்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கும். எழுதியவர்கள் கம்போங் டுரியான் ருந்துவைத் தங்கள் வசதிக்கு புக்கிட் மெர்தாஜாம் பக்கம் நகர்த்திக்கொண்டார்கள், ஃபேன்ஃபிக்கில் அதற்கெல்லாம் அனுமதி உண்டாம். பிள்ளைகள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுத் தீவுக்குப் போகிறார்கள். பட்டர்வொர்த் துறையில் தலைக்கு ஒரு வெள்ளி இருபது காசு, சில்லறை பொறுக்குகிறார்கள். "திரும்பி வர காசு வேணாமா?" என்று சூசாந்தி கேட்கிறாள். ராஜு சொல்கிறான், போகத்தான் காசு, வர்றதுக்கு இல்லை. அது உண்மை, பழைய பெர்ரியில் கட்டணம் வாங்கியது பட்டர்வொர்த் பக்கத்தில் மட்டும்தான். ஜகார்த்தாவை விட்டு வந்த பிள்ளை அதைக் கேட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்க்கிறது. யாரும் எதுவும் விளக்கவில்லை. இதை எழுதிய சில மாதங்களில், 2020 முடிவோடு, பழைய பெர்ரிகள் பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டன. 2023 ஆகஸ்டில் வந்த புதுப் பெர்ரிகள் சொகுசுதான், எனக்கு அந்த டீசல் வாசம்தான் வேண்டும்.

குறைகள். பதினொன்றாவது அத்தியாயம் முழுக்கக் கால்பந்து, தாண்டிவிடலாம். பதினாறில் ஒருத்தி ஃபிசிக்கும் மெய் மெய்க்கும் ஜோடி போடப் பார்த்திருக்கிறாள், ஃபேன்ஃபிக் படிக்கிறவர்கள் ஷிப் என்பார்கள், அடுத்த அத்தியாயத்துக்காரன் அந்தக் கப்பலைக் கவிழ்த்துவிட்டான். கவிழ்த்ததில் எனக்கு வருத்தமில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாதது எதுவும் உள்ளே இல்லை. ஆசிரியர்களைக் கொஞ்சம் கிண்டல் செய்திருக்கிறார்கள், அதில் ஒருவருடைய மூக்குக்கண்ணாடி என்னுடையது மாதிரியே இருக்கிறது.

இனி உங்கள் திருட்டுச் சந்தேகம். கல்கி 1950-ல் தொடங்கி 1954-ல் முடித்த பொன்னியின் செல்வனை நம் பாட்டிமார் வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள். அவர் முடித்துவிட்டாரே என்று தமிழ் சும்மா இருந்ததா? விக்கிரமன் அதே மனிதர்களைத் தொடர்ந்து கொண்டுபோய் நந்திபுரத்து நாயகி எழுதினார். யாரும் அவரைத் திருடர் என்று சொல்லவில்லை. புதுமைப்பித்தன் சாப விமோசனத்தில் அகலிகையை எடுத்து, சாபம் தீர்ந்த பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள் என்று கேட்டார், சீதை தீக்குளித்த செய்தி தெரிந்ததும் அவள் மறுபடி கல்லாகிப் போகிறாள். மூலத்தில் வாய் திறக்காதவளைப் பேச வைப்பது நம் ஊர்ப் பழக்கம்தான், பெயர்தான் இங்கிலீஷில் இருந்து வந்திருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மகளிடம் சொல்லிவிடுங்கள். இராமாயணம் ஊர்ச்சொத்து. உப்பின் இப்பின் ஒரு நிறுவனத்தின் சொத்து. அதனால் இந்தக் கதையை எங்கும் விற்கவில்லை, அச்சடிக்கவில்லை, முதல் பக்கத்திலேயே பாத்திரங்கள் யாருடையவை என்று எழுதியிருக்கிறோம்.

கூடி எழுதிப் பழகுவதும் இந்த நாட்டுத் தமிழுக்குப் புதிதல்ல. 1950-ல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள், வாசகர்கள் கதை எழுதி அனுப்ப, அவர்கள் குறை நிறை சொல்லித் தரம் பிரித்தார்கள். மலேசியச் சிறுகதைக்காரர்கள் பலர் அதில் தேறி வந்தவர்கள். தபாலில் போனது இப்போது கூகுள் டாக்ஸில் போகிறது.

படிக்கும் முறைக்கு ஒரு யோசனை. முதல் அத்தியாயத்தில் தொடங்காதீர்கள், அது கூச்சத்தோடு எழுதப்பட்டது, தொடர் மாதிரியே நகைச்சுவை செய்யப் பார்த்திருக்கிறது. பட்டியல் காட்சி இரண்டாவதில் வருகிறது, அங்கிருந்து தொடங்கி நாலு வரைக்கும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, பிடித்தால் ஒன்றுக்குத் திரும்புங்கள். நீங்கள் ஓர் அத்தியாயம், மகள் ஓர் அத்தியாயம் என்று மாற்றி மாற்றி வாய்விட்டுப் படித்தால் கை மாறும் இடம் காதிலேயே தெரியும். எழுதியவர் பெயர் அத்தியாயத்தில் இருக்காது. யார் கை எது என்று ஊகிப்பது பாதி விளையாட்டு, ஒருத்தி மழையை எழுதாமல் இருக்கவே மாட்டாள், ஒருவன் எல்லாரையும் எதையாவது தின்னவைப்பான். இருபத்து மூன்று அத்தியாயம், அச்சடித்தால் நூற்று நாற்பது பக்கம் வரும், கண்ணுக்கு நல்லது.

கடைசி அத்தியாயத்துக்குப் பின்னால் தனிக் கோப்பு ஒன்று வைத்திருக்கிறேன். அந்த ஏழு பேர் எனக்கு மட்டும் அனுப்பிய முடிவுகள், ஒவ்வொருவரும் கடைசியாக அனுப்பியதை மட்டும் எடுத்து ஏழாக்கியிருக்கிறேன். கதையை முழுக்க முடிக்காமல் அதைத் திறக்க விடாதீர்கள். ஒரே வகுப்பில் உட்கார்ந்த ஏழு பிள்ளைகள் ஒரே தேவிக்கு ஏழு வாழ்க்கை வைத்திருந்தார்கள். ஒருத்தி அவளை லண்டனுக்கு அனுப்புகிறாள், ஒருவன் முத்து அங்கிள் கடைக் கல்லாவில் உட்கார வைக்கிறான். ஓப்பாவைக் கொன்றவனுடைய முடிவு ஒரே வரிதான்.

ஏழு பேரும் இப்போது வேலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டார்கள். கேட்டவர்களுக்குக் கொடுக்கலாம், பொதுவில் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் இணைப்பைத் தனியாக அனுப்புகிறேன். ஒருமை பன்மைப் பிழைகளைத் திருத்திவிட்டேன், ல-ள-ழ மட்டும் சில இடங்களில் என் கண்ணில் இருந்து தப்பியிருக்கும். மகளைப் பென்சிலால் வட்டமிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இருபதுக்கு மேல் கண்டுபிடித்தால் அடுத்த கதைக்கு பீட்டா அவள்தான்.